திக்குகிற இடம்

கண்ணு, கவரைப் பிரித்ததும் என்னமோ ஏதோ என்று பதறாதே. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு நன்றாகத்தான் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் முகம் பார்த்துப் பேசுகிற அப்பா எதற்காகப் பேப்பரில் எழுதி ஜெர்மனிக்குக் கூரியர் போட வேண்டும் என்று யோசிப்பாய். போனில் பேசினால் உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். வாட்ஸ்அப்பில் எழுதலாமென்றால், என் கண்ணாடியைத் தேடிக் கொடுப்பவளும் அவள்தான், தோளுக்குப் பின்னால் நின்று படிப்பவளும் அவள்தான். அவளுக்குத் தெரியாமல் உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதனால் பட்டறையில் லேத்தை நிறுத்திவிட்டு, எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஓரத்தில் கறை இருந்தால் பொறுத்துக்கொள். கல்யாணத்துக்கு நீ வந்து இறங்கும் முன்பே இது உன் கையில் கிடைத்துவிட வேண்டும். படித்ததும் கிழித்துப்போடு.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிற பையனுக்கு அப்பன் எழுதுகிற கடிதம் என்றால் நாலு நல்ல வார்த்தை இருக்க வேண்டும். வரப்போகிற பெண்ணிடம் எப்படி நடந்துகொள்வது, கோபம் வந்தால் எப்படி அடக்குவது என்றெல்லாம் எழுதத்தான் ஆசை. ஆனால் கோபத்தை அடக்குவது பற்றி நான் எழுதினால் உன் அம்மா சிரிப்பாள். இந்த இரண்டு வருஷத்தில் எனக்குத் தெரிந்த பாடம் ஒரே ஒரு பாடம்தான். அது டிவிக்குக் கீழே இருந்த அந்தக் கறுப்புப் பெட்டியைப் பற்றியது. அந்தப் பெட்டி ஏன் திக்கித் திக்கிப் படம் காட்டியது, கடைசியில் எப்படிச் செத்தது என்று உனக்கு நான் சொன்ன காரணம் பொய். உண்மையை இப்போது சொல்கிறேன்.

உன் அக்கா சுகன்யா பெங்களூரு வேலைக்குக் கிளம்பும் முன் அதை அவளாகவே சேர்த்துக் கட்டினாள். நீ அப்போதே வெளிநாட்டில் இருந்தாய். ஒரு சின்னக் கம்ப்யூட்டர், உள்ளே பெரிய ஹார்டு டிஸ்க், அதில் வீட்டு விசேஷ வீடியோக்கள், உன் அம்மாவுக்குப் பிடித்த பழைய படங்கள், முருகன் பாட்டுகள் எல்லாம். ரிமோட்டை அமுக்கினால் டிவியில் வரிசையாக வந்து நிற்கும். "இனி கேபிள்காரன் தயவு வேண்டாம்ங்கப்பா" என்றாள். உன் அம்மாவுக்கு ரிமோட் என்றாலே பயம். படம் நின்றுபோனால் வேலை நேரத்தில் தன்னைக் கூப்பிட்டுப் படுத்துவாள் என்று தெரிந்துதானோ என்னவோ, கிளம்புவதற்கு முதல் நாள் சுகன்யா, எப்படிப் போடுவது, நின்றால் என்ன செய்வது என்று தன் போனிலேயே ஒரு வீடியோ எடுத்து அந்தப் பெட்டிக்குள் மாற்றிவைத்தாள். அம்மா அன்றைக்கு அதைப் பார்க்கவே இல்லை. "நீ இருக்கறப்ப வீடியோ என்னத்துக்கு?" என்று சொல்லிவிட்டாள். சுகன்யா பயந்தபடியே பெங்களூருக்குத் தினமும் போன் போனது.

எந்த விசேஷத்திலும் கேமராவைப் பிடித்தவள் சுகன்யாதான் என்பது அவள் நம்மை விட்டே போன பிறகுதான் நமக்கு உறைத்தது. அத்தனை வீடியோவிலும் நாமெல்லாம் இருக்கிறோம், அவள் மட்டும் இல்லை. பேசுகிற குரலோடு அவள் இருப்பது அந்த ஒன்றில்தான். அதிலும் பெரும்பாலும் அவள் கைதான் தெரியும். நகப்பூச்சு பாதி உதிர்ந்த கை, பட்டனைக் காட்டும். "இங்க பாருங்கம்மா, இதைய அமுக்குனா நீல லைட்டு எரியும். பயந்துக்காதீங்க, ஒண்ணும் வெடிச்சுப்போடாது" என்பாள். அணைந்திருக்கிற டிவித் திரையில் அவள் நிழல் போனைப் பிடித்தபடி நிற்கும். பிறகு கேமராவைத் தன் பக்கம் திருப்பி, முகம் முழுக்கச் சிரிப்போடு, "செரிங்களாம்மா? இதையவே பாத்துட்டு உக்காந்துக்காதீங்க, சாப்டீங்களா மொதல்ல?" என்று கேட்பாள். மறுபடி கேமரா பெட்டிப் பக்கம் போய்விடும். அந்த முகம் அவ்வளவு நேரம்தான்.

அவள் பெங்களூரில் காய்ச்சலோடு படுத்த வாரத்தில் நீ இங்கே இல்லை. போனில் "காச்சலுங்கம்மா" என்றவளிடம் உன் அம்மா, நிலவேம்புக் கஷாயம் வைத்துக் குடி, நன்றாகப் போர்த்திப் படு, காலையில் விட்டுவிடும் என்றாள். எந்த அம்மாவும் சொல்வதைத்தான் சொன்னாள். பக்கத்தில் நானும்தான் இருந்தேன், சரியென்றுதான் தலையாட்டினேன். அந்த வாரம் முடிவதற்குள் அவளை வண்டியில் படுக்கவைத்து மதுக்கரைக்கு, நம் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அன்றிலிருந்து உன் அம்மா ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் மாற்றி மாற்றிச் சொல்கிறாள். "ஆஸ்பத்திரிக்குப் போடின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா எம்புள்ள இருந்திருப்பா." காரியத்துக்கு நீ வந்திருந்த பத்து நாளும் அதைக் கேட்டாய். நீ போன பிறகு நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அது உன் தப்பில்லை என்று டாக்டர் சொன்னதைச் சொல்லிப் பார்த்தேன், கோபப்பட்டுப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். அவள் மனதில் அது ஆணி அடித்ததுபோல நிற்கிறது. தன் வாயால் தன் மகளைக் கொன்றுவிட்டதாக அவள் நம்புகிறாள். இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படி.

சில மாதம் கழித்து எதையோ தேடும்போது அந்த வீடியோ டிவியில் வந்து நின்றது. அதற்குப் பிறகு அவளுக்கு அதுதான் வேலை. காலையில் சமையல் முடிந்ததும் போடுவாள். அந்த முகம் வந்து "சாப்டீங்களா மொதல்ல" என்று கேட்கும் வரை பார்ப்பாள். "சாப்ட்டேன் அம்மணி" என்று பதில் சொல்வாள், சாப்பிட்டிருக்க மாட்டாள். உடனே முதலிலிருந்து போடுவாள். முகம் போய்விட்ட பிறகு வருகிற பாகத்தை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. அந்தக் குரல் கேட்கத் தொடங்கினால் நான் சட்டையை மாட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்துவிடுவேன். ஆண்பிள்ளையின் துக்கம் என்று நீ இதைப் பெரிதாக நினைக்க வேண்டாம், எனக்குத் தைரியம் கிடையாது, அவ்வளவுதான்.

அவள் தவறிப்போன வருஷம் நம் வீட்டில் எந்த நோம்பியும் இல்லை. அடுத்த வருஷம், அதாவது போன ஐப்பசிக்கு முன்னால் வந்த ஆயுத பூஜைதான் துக்கம் கழிந்து வந்த முதல் நோம்பி. நான் பட்டறையில் லேத்துக்கும் டிரில்லிங் மிஷினுக்கும் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்து, பொரி கடலை படைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா ஒரு கிண்ணம் நிறையச் சந்தனம் கரைத்து வைத்துக்கொண்டு அந்தப் பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தாள். மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் ஒரு பொட்டு வைத்தவள், சுகன்யாவின் ஸ்கூட்டிக்கு மாலை போட்டிருந்தாள், பெட்டிக்கு அலங்காரமே செய்துகொண்டிருந்தாள். அதன் இரண்டு பக்கமும் பின்னாலும் வரிசை வரிசையாகச் சின்ன ஓட்டைகள் இருக்கும், பார்த்திருப்பாய். கோலத்துக்குப் புள்ளி வைத்ததுபோல இருந்தது என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. ஒவ்வொரு ஓட்டையின் மேலும் ஒரு சந்தனம், அதன்மேல் ஒரு குங்குமம். மேலே மூன்று பட்டை விபூதி. "எம்புள்ள கையால செஞ்சதுங்க இது, இதுக்கு வைக்காம எதுக்கு வைக்கறது?" என்றாள். ரொம்ப நாள் கழித்து அன்றைக்குத்தான் அவள் முகத்தில் கொஞ்சம் களை இருந்தது. நானே சாம்பிராணி போட்டேன். சூடத்தட்டை அதற்கு நேராக நானேதான் காட்டினேன்.

கார்த்திகை தீபத்துக்கு முன்னாலேயே படம் திக்க ஆரம்பித்தது. முதலில் ஓரிரு இடத்தில் நின்று ஓடியது. பிறகு குரல் முன்னால் போய்விட்டு உதடு பின்னால் அசைந்தது. "ஏனுங்க, புள்ளைக்கு வாய் கோணுதுங்க, என்னன்னு பாருங்க" என்று பட்டறைக்குப் போன் செய்வாள். நீ ஜெர்மனியிலிருந்து சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் செய்தேன். வைஃபை பெட்டியை அணைத்துப் போடச் சொன்னாய், போட்டேன். படம் பெட்டிக்குள்தானே இருக்கிறது, வைஃபை எதற்கு என்று கேட்டதற்கு, "செய்ங்கப்பா" என்று அதட்டினாய். டிவிக்குப் போகிற ஒயரை மாற்றச் சொன்னாய், டவுனுக்குப் போய்ப் புது ஒயர் வாங்கிவந்தேன். அங்கிருந்தே பெட்டிக்குள் நுழைந்து பார்க்கிறேன் என்றாய், சுகன்யா வைத்த பாஸ்வேர்டு யாருக்கும் தெரியவில்லை. அவள் பிறந்த நாள், நம் வீட்டு நாய் பேர், உன் பேர் எல்லாம் போட்டுப் பார்த்தோம், எதற்கும் திறக்கவில்லை. போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாய். முன்பக்கத்தை மட்டும் எடுத்து அனுப்பினேன். ஓட்டைகள் இருக்கிற பக்கத்தை நீயும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

ஒரு தடவை நீ சரியான கேள்வியைக் கேட்டாய். "அப்பா, பொட்டி மேல காத வெச்சுப் பாருங்க, உள்ள சின்ன ஃபேன் சுத்தற சத்தம் கேக்குதுங்களா?" என்றாய். நான் குனிந்து காதை வைத்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு இப்போதெல்லாம் அந்த மாதிரிச் சின்னச் சத்தம் எதுவும் கேட்பதில்லை. லேத் இரைச்சலில் காதைக் கொடுத்தாயிற்று, குக்கர் விசிலே உன் அம்மா சொன்னால்தான் தெரியும். அதைச் சொன்னால் நீ காதுக்கு மிஷின் மாட்டுங்கப்பா என்று ஆரம்பிப்பாய் என்று, "கேக்குது, கேக்குது" என்று சொல்லிவிட்டேன். அந்த விசிறி அப்போது சுற்றவே இல்லை. கேட்கவில்லை என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே நீ திறக்கச் சொல்லியிருப்பாய், டிஸ்க் பிழைத்திருக்கும். ஆகவே இதில் பழியைப் பங்கு போட்டால் என் பங்கு சின்னதில்லை.

மாசியில் ஒருநாள் நீல விளக்கு எரிந்தது, படம் வரவில்லை. உள்ளே கடக் கடக் என்று ஒரு சத்தம் கேட்பதாக உன் அம்மா சொன்னாள். விடாமல் அணைத்து அணைத்துப் போட்டிருக்கிறாள். சுகன்யா அப்போது போனில் சொல்லிக்கொடுத்தபடியே பிளக்கைப் பிடுங்கி, கொஞ்சம் பொறுத்து, மறுபடி மாட்டியிருக்கிறாள். நான் வந்தபோது தரையில் உட்கார்ந்து அதன்மேல் கை வைத்துக்கொண்டிருந்தாள். "கொதிக்குதுங்க, காச்சலாட்ட" என்றாள். நான் அதைப் பிடுங்கித் துண்டில் சுற்றிக்கொண்டு டவுனுக்கு, உக்கடத்துக்குக் கிளம்பினேன்.

அங்கே சந்துக்குள் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிற ரபீக்கை உனக்குத் தெரியாது. பட்டறைக் கம்ப்யூட்டரை அவர்தான் பார்ப்பார். பெட்டியைப் பார்த்ததும், "ஏனுங்கண்ணா, மாரியாத்தாளுக்கு நேந்துட்ட பொட்டியா இது?" என்று சிரித்தார். மூடியைக் கழற்றியதும் சிரிப்பு நின்றுவிட்டது. "காத்துப் போற ஓட்டையெல்லாம் சந்தனம் காஞ்சு அடைச்சிருக்குதுங்கண்ணா. ஃபேன் மேல விபூதியும் சாம்பிராணிக் கரியும் அப்பிப் பிடிச்சு, சுத்தவே இல்ல. சூட்டுலயே ஓடி ஓடி டிஸ்க் வெந்துபோச்சுங்க." நான் என்னத்துக்கோ தலையாட்டினேன். "யாரு வெச்சதுங்கண்ணா?" என்று கேட்டார். நான் பெட்டியைச் சுற்றிவந்த துண்டை மடித்துக்கொண்டிருந்தேன். அவரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லிவிட்டு, பக்கத்துக் கடையிலிருந்து டீ வரவழைத்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று அப்போதுதான் அவரிடம் சொன்னேன்.

கிடைத்தவரை எடுத்துத் தருகிறேன் என்றார். பல நாள் எடுத்துக்கொண்டார். வீட்டு விசேஷங்களெல்லாம் பெரும்பாலும் கிடைத்துவிட்டன. நாம் எல்லோரும் இலையில் சாப்பிடுகிறோம், சிரிக்கிறோம், ஒன்றுக்கும் உதவாத வீடியோக்கள். சுகன்யாவின் வீடியோவில் முன்பாதி போய்விட்டது. நீல விளக்கு, டிவியில் தெரிந்த நிழல், அந்த முகம், சாப்டீங்களா என்ற கேள்வி எல்லாம் அதோடு போய்விட்டன. உன் அம்மா தினமும் எதைப் பார்த்தாளோ அது இல்லை, நாங்கள் இருவரும் ஒருநாளும் பார்க்காத பின்பாதிதான் மிச்சம். கையும் குரலும் மட்டும்.

அதை ரபீக் கடையில் வைத்து முதல் தடவையாகப் பார்த்தேன். படம் நின்றால் என்ன செய்வது என்று பொறுமையாகச் சொல்கிறாள். பிளக்கைப் பிடுங்குவது, பொறுத்திருப்பது, பழையபடி மாட்டுவது. பிறகு கேமரா பெட்டியைச் சுற்றிப் பக்கவாட்டுக்குப் போகிறது. ஓட்டைகள் மேல் விரலை வைத்துத் தட்டுகிறாள். சிரித்துக்கொண்டே சொல்கிறாள்: "அம்மா, நோம்பிக்கு இதுக்கும் சந்தனப்பொட்டு வெச்சுப்போடாதீங்க, உங்களையத் தெரியும் எனக்கு. இந்த ஓட்டையிலதான் அது மூச்சு உடுது. அடைச்சுப்போட்டா செத்துப்போயிரும், அப்பறம் என்னையச் சொல்லக்கூடாது." அதற்குப் பிறகு ரிமோட்டுக்கு பேட்டரி மாற்றுவது பற்றி ஏதோ சொல்லிவிட்டு, "அவ்ளோதாங்கம்மா, வெக்கட்டுங்களா" என்று முடிக்கிறாள்.

கண்ணு, நான் அழுகிற ஆள் கிடையாது, உனக்குத் தெரியும். ரபீக் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

என்ன செய்வது என்று நீயே சொல். அவள் குரல் என்று உலகத்தில் மிஞ்சியிருப்பது இதுதான். வீட்டில் ஒருத்தி பழியாய்க் காத்துக்கொண்டிருக்கிறாள். கொண்டுபோய்ப் போட்டால், செத்த மகள் வந்து, நீ வைத்த பொட்டால்தான் எல்லாம் போயிற்று என்று அவள் முகத்துக்கு நேரே சொல்கிறாள், அதுவும் சிரித்துக்கொண்டே. ஏற்கெனவே வாயால் கொன்றேன் என்று சொல்கிறவள், இனி கையாலும் கொன்றேன் என்பாள். நான் அவளோடு குடித்தனம் நடத்துகிறவன், அவள் எதைத் தாங்குவாள், எதைத் தாங்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். இதை அவள் தாங்கமாட்டாள். கொடுக்காமல் இருந்தாலும் தாங்கமாட்டாள். ரபீக்கை உள்ளே கூப்பிட்டு, அந்தப் பேச்சை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். "எடுத்தரலாமுங்கண்ணா. ஆனா ஒரே மூச்சுல எடுத்த வீடியோங்க இது. எடுத்த இடத்துல ஒரு துள்ளு துள்ளும், மறைக்க முடியாது" என்றார். துள்ளட்டும் என்றேன்.

வீட்டுக்கு வந்து, நான் பட்டறைக்கு ஸ்டெபிலைசரைக் கழற்றிக்கொண்டு போனதால் கரண்ட் ஏறி இறங்கி டிஸ்க் போய்விட்டது என்று சொன்னேன். ஸ்டெபிலைசரைக் கழற்றிக்கொண்டு போனது நிஜம்தான், அதனால் ஒன்றும் ஆகவில்லை. உன்னிடமும் அதையே சொன்னேன். "அக்காவோட ஒரே வீடியோங்கப்பா அது! உங்களுக்குப் பட்டறதான் பெருசு" என்று கத்தினாய். அப்புறம் பல வாரம் நீ அம்மாவோடு மட்டும் பேசினாய், நான் பின்னால் நடமாடுவது தெரிந்தும் கேட்கவில்லை. உன் அம்மாவும் திட்டிக்கொண்டே தட்டை வைத்துவிட்டுப் போவாள். அது ஒன்றும் சுகமாக இல்லை, பெரிய தியாகி மாதிரி நான் உட்கார்ந்திருக்கவும் இல்லை. உன்மேல் எனக்குக் கோபமாகக் கோபம் வந்தது. ஆனால் அவள் என்னைத் திட்டிய நாட்களில் தன்னைத் திட்டிக்கொள்ளவில்லை. அதைக் கவனித்த பிறகு எனக்கு எதுவும் பெரிதாகத் தெரியவில்லை.

உன்னிடம் ஒரு குணம் இருக்கிறது, என்னிடமிருந்துதான் வந்தது. கெட்டுப்போன எதையும் சரிசெய்யாமல் விடமாட்டாய். காலேஜ் படிக்கும்போது பெரியம்மா மகன் போனில் அழிந்துபோன போட்டோக்களையெல்லாம் மீட்டு, ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் நிறைந்த வீட்டில் டிவியில் போட்டுக் காட்டினாயே, நினைவிருக்கிறதா? அதில் அவனோடு நின்ற பெண் யார் என்று எல்லோரும் கேட்டார்கள். அவனுக்குப் பேசிவைத்திருந்த சம்பந்தம் அதோடு போயிற்று. "நான் சரிதானே பண்ணிக்கொடுத்தேன்" என்று நீ விழித்தாய். அன்றைக்கு உன்னைத் திட்டாமல் விட்டேன், இப்போது சொல்கிறேன். லேத்தில் ஒரு தண்டு கடைந்தால், அது நுழைந்து சுற்றுகிற புஷ்ஷுக்கும் அதற்கும் நடுவே ஒரு மயிரிழை இடம் விட்டுத்தான் கடைவோம். கச்சிதமாக இருக்கட்டும் என்று இறுக்கிவிட்டால், ஓடிச் சூடானதும் பிடித்துக்கொள்ளும், பிறகு சுத்தியலால் அடித்தாலும் வராது. நாளைக்கு உன் வீட்டிலும் இப்படித்தான். வரப்போகிறவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டுவிட வேண்டும் என்று நிற்காதே. எதைச் சொல்லாமல் விடுவது என்று பிடிபட எனக்கு இத்தனை வருஷமும், ஒரு பிள்ளையைப் பறிகொடுப்பதும் தேவைப்பட்டது.

நீ கோபம் ஆறி அனுப்பிய புதுப் பெட்டி வந்த அன்று உன் அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்துவிட்டாள். புதுச் சாமான் வந்தால் பொட்டு வைக்காமல் விடுவாளா? வேண்டாம் என்றால் ஏன் என்பாள். அவள் கையைப் பிடித்து, ஓட்டை இல்லாத முன்பக்க மூலையில் கொண்டுபோய், "இங்க வைய்யி அம்மணி, இங்கதான் எடுப்பா தெரியும்" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து நான் அவள் கையைப் பிடித்துப் பொட்டு வைக்கச் சொன்னதில்லை, ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஆனால் வைத்தாள். செத்துப்போன பழைய பெட்டி சுகன்யாவின் போட்டோவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் அதற்கு ஓட்டைக்கு ஓட்டை பொட்டு வைக்கிறாள். அதற்கு நான் ஒன்றும் சொல்வதில்லை, இனி அதற்கு என்ன ஆகிவிடப் போகிறது?

முகம் போய்விட்டது என்று தெரிந்த அன்று அவள் அழவில்லை. நான் பென்டிரைவில் கொண்டுவந்து கொடுத்ததை டிவியில் போட்டுக் கேட்டாள். இப்போது தினமும் அந்தப் பின்பாதிதான். நானும் இப்போது எழுந்து போவதில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். கை பெட்டியைச் சுற்றி வரும், ஓட்டைப் பக்கம் போகும், விரல் தட்டும், அங்கே ஒரு துள்ளு துள்ளி பேட்டரிப் பேச்சுக்கு வந்துவிடும். ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் அவள் முன்னால் குனிவாள். "இங்க மட்டும் இன்னும் திக்குதுங்க. புதுப் பொட்டியிலயும் திக்குது. கார்த்தி வரட்டும், அவன் சரிபண்ணிருவான்" என்பாள். நீ வந்ததும் காபி தரும் முன்பே உன்னை அதன் முன்னால் உட்காரவைக்கப் போகிறாள். நீ பார்த்த உடனேயே அது திக்கல் இல்லை, வெட்டு என்று கண்டுபிடித்துவிடுவாய். வாய் தவறி "யாரு வெட்டுனது?" என்று கேட்டுவிடுவாய் என்ற பயத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். டிஸ்க் போனது போனதுதான், ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிடு என்று எழுதி முடிக்கத்தான் நினைத்திருந்தேன்.

ஆனால் போன வாரம் ஒன்று நடந்தது. அந்த இடம் வந்து துள்ளியதும் ரிமோட்டை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏனுங்க, நீங்க வேணா பாருங்க, அந்த எடத்துல அவ என்னமோ சொல்ல வாரா. மூச்சு இழுக்கறது கேக்குது. அம்மான்னு கூப்புடத்தான் வாரா. இந்தப் பாதியில ஒருக்காக்கூட தனியா அம்மான்னு கூப்புடவே இல்லீங்க அவ, கடைசியில ‘அவ்ளோதாங்கம்மா’ன்னு சேத்துச் சொல்றதோட செரி" என்றாள். நான் எழுந்து வீட்டுக்குப் பின்னால் பொடக்காலிக்குப் போய்விட்டேன். அவள் சொல்வது சரி. அந்த இடத்தில் சுகன்யா அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். அவசரத்தில் நான் வாக்கியத்தை முதலிலிருந்தே எடுக்கச் சொல்லிவிட்டேன், அதோடு அந்தச் சொல்லும் போய்விட்டது.

வெட்டாத பின்பாதி முழுசாக இன்னொரு பென்டிரைவில் இருக்கிறது. பட்டறையில் டூல் பெட்டிக்கு அடியில், கிரீஸ் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். மறுபடி ரபீக்கிடம் போய் அதைத் திறந்து கேட்க எனக்குத் தெம்பில்லை. நீ ஏர்போர்ட்டிலிருந்து நேரே வீட்டுக்குப் போகாதே, முதலில் இங்கே வா, ஷட்டரை இறக்கிவிட்டு நாம் இருவரும் கேட்போம். உன் அக்கா சிரிக்கிறாள், தாங்கிக்கொள். பிறகு அம்மா என்று அவள் கூப்பிடுகிற அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்து, அது இருந்த இடத்தில் வைத்துக் கொடு. அதற்கப்புறம் துள்ளிக்கொள்ளட்டும். வீட்டுக்குப் போய் நீயே போட்டுக் காட்டு, நான் பக்கத்தில் இருக்கிறேன்.

உன் அப்பா